உங்களுக்குத் தெரியுமா? தாராவிக்கு மூக்கு வேண்டாம், மாட்டுங்காவுக்கு வேண்டும்!

வாய்ப் புற்றுநோய்க்காக மேல் அண்ணத்தை இழந்தவர்களுக்கும், பிளந்த அண்ணத்தோடு பிறந்த சிலருக்கும் ஒரு சின்னத் தட்டுதான் பேச்சைத் திருப்பித் தருகிறது. எவ்வளவு திரும்பியது என்று எண்ணிலேயே அளக்கலாம். மும்பைத் தமிழர்களுக்காக அதைப் பற்றிய சில துணுக்குகள்.

● முதலில் ஒரு விளையாட்டு. மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ‘தாராவி, தாதர், பரேல், குர்லா’ என்று சொல்லுங்கள். சுத்தமாக வரும். பிடித்த பிடி விடாமல் ‘மும்பை, மாட்டுங்கா, மாஹிம், செம்பூர்’ என்று சொல்லுங்கள். ஜலதோஷக்காரர் பேசுவதுபோல் ஆகிவிடும். காரணம் எளிது: முதல் வரிசை ஊர்களில் மெல்லின எழுத்து ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வரிசையில் மெல்லினம் இல்லாத ஊரே இல்லை.

● மூக்கை மூடிக்கொண்டு ‘அம்மா’ என்று கூப்பிட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பார். ம் சொல்லும்போதும் ப் சொல்லும்போதும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. மூக்குவழி திறந்திருந்தால் ம், அடைத்திருந்தால் ப். வித்தியாசம் அவ்வளவுதான்!

● நம் எழுத்து வரிசையே இதைச் சொல்லித்தருகிறது. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்று வல்லினமும் மெல்லினமும் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் நாக்கோ உதடோ தொடும் இடம் ஏறக்குறைய ஒன்றே. ‘இன எழுத்து’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

● எழுத்துகள் பிறக்கத் துணை செய்யும் இடங்கள் எட்டு என்கிறது தொல்காப்பியம். அவற்றில் மூக்கும் உண்டு, அண்ணமும் உண்டு. மெல்லினத்தின் பிறப்பிடம் மூக்கு என்று நன்னூல் நேராகவே சொல்லிவிடுகிறது. மெய்யெழுத்து பதினெட்டில் ஆறு மெல்லினம். ஆக, மூன்றில் ஒரு பங்கு மூக்கின் சொத்து.

● வாய்க்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் கதவு எது? உள்நாக்கு தொங்குகிறதே, அந்த மெத்தென்ற பின் அண்ணம். ‘பாட்டி’ என்னும்போது மேலே எழும்பித் தொண்டையின் பின்சுவரோடு சேர்ந்து மூக்குவழியை அடைக்கும். ‘மாமி’ என்னும்போது இறங்கி வழிவிடும். ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று நாம் நினைத்தும் பார்ப்பதில்லை.

● கதவு மூடாவிட்டால், அல்லது கூரையிலேயே ஓட்டை விழுந்துவிட்டால்? வாயில் சேரவேண்டிய காற்று மூக்குவழியே ஓடிவிடும். ப, ட, க எல்லாம் வலுவிழந்து ம, ண, ங சாயலில் கேட்கும். குடித்த தண்ணீர் மூக்கில் வழியும். நாலு பேர் எதிரில் டீ குடிக்கக் கூசியே வீட்டோடு இருந்துவிடுபவர்கள் உண்டு.

● ‘மூக்கால் பேசுகிறான்’ என்று இரண்டு பேரையும் சொல்லுகிறோம். உண்மையில் இருவரும் நேர் எதிர். ஜலதோஷக்காரருக்கு மூக்கொலி போதவில்லை. அண்ணத்தில் ஓட்டை உள்ளவருக்கு மூக்கொலி அளவுக்கு மிஞ்சிவிட்டது.

● புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்தது. மகாராஷ்டிரம் 2012-இல் குட்காவைத் தடைசெய்தது. ‘நான் வெறும் பாக்குதான் போடுறேன்’ என்பவரிடம் முதல் செய்தியைச் சொல்லுங்கள்.

● புற்றுநோய்ச் சிகிச்சைக்கென்று பரேலில் இருக்கும் டாடா நினைவு மருத்துவமனை 28 பிப்ரவரி 1941-இல் திறக்கப்பட்டது. 1962 முதல் அது அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையம் நடத்தும் அதே துறை! சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்து பரேல். செம்பூர்க்காரர்கள் குர்லாவில் மாற வேண்டும்.

● அண்ணத் தட்டுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ‘ஆப்டுரேட்டர்’. ‘அடைப்பது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே தங்கத்திலோ வெள்ளியிலோ தட்டு அடித்து, அதன் மேல் கடற்பஞ்சு வைத்து ஓட்டையில் பொருத்தும் முறையை எழுதிவைத்திருக்கிறார். பஞ்சு ஈரத்தில் உப்பித் தட்டைப் பிடித்துக்கொள்ளும்.

● இன்று அக்ரிலிக். பல்செட் செய்யும் அதே பொருள். ஓட்டைக்குள் போகும் குமிழை உள்ளே கூடாக விட்டுச் செய்வார்கள். கனம் கூடினால் தட்டு தொங்கும், பிடித்துநிற்கும் பற்களும் ஆடிப்போகும்.

● ஒரே தட்டு போதாது. அறுவை மேஜையிலேயே ஒன்று. புண் ஆறும் காலத்துக்கு ஒன்று. வாய் ஒரு வடிவத்துக்கு வந்து நின்றபின், பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து, நிலையான ஒன்று. ‘முதல் தட்டு சரியாகவே உட்காரவில்லை’ என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இது ஆறுதல்.

● அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்டுக்கு 1893 ஜூலை 1 அன்று, ‘ஒனைடா’ என்ற உல்லாசப் படகில், யாருக்கும் தெரியாமல் மேல்தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ரப்பர் அடைப்பு ஒன்று செய்து மாட்டியதும் பேச்சு பழையபடி ஆனது. பத்திரிகை ஒன்று விஷயத்தை வெளியிட்டபோது மறுத்துவிட்டார்கள். அறுவையில் உடனிருந்த டாக்டர் கீன் 1917-இல் எழுதிய பிறகே உலகம் நம்பியது.

● மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 1923-இல் அண்ணத்தில் புற்றுநோய். அதன்பின் முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள். வாயில் மாட்டிய தட்டுக்கு வீட்டில் வைத்த பெயர் ‘பூதம்’. 1938 டிசம்பரில் லண்டனில் பி.பி.சி. அவர் பேச்சைப் பதிவுசெய்தது. அந்தக் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு பாடுபட்டு வெளியே வருகிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

● மூக்கொலியை அளக்கும் கருவி ‘நேசோமீட்டர்’. மேல் உதட்டை ஒட்டினாற்போல் ஒரு தகடு. தகட்டுக்கு மேலே மூக்குக்கு ஒரு மைக், கீழே வாய்க்கு ஒரு மைக். ஊசி இல்லை, குழாய் இல்லை, வலி இல்லை. அமெரிக்காவின் சாமுவேல் ஃப்ளெட்சர் 1970-இல் முன்வைத்த கருவியின் வழிவந்தது இது.

● கணக்கு அஞ்சாம் வகுப்புக் கணக்குதான். மொத்த ஒலியில் மூக்கின் பங்கு நூற்றுக்கு எத்தனை? மூக்கில் 30, வாயில் 70 என்றால் விடை 30 சதவீதம்.

● ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. மிருகக்காட்சிசாலை பற்றியது. மூக்கொலி ஒன்றுகூட வராதபடி எழுதப்பட்டது. அதை வாசித்தால் கோளாறு இல்லாத ஒருவருக்குச் சராசரி 15 சதவீதம் போல வரும். மூக்கொலி நிறைந்த வாக்கியங்களை வாசித்தால் அதே ஆளுக்கு 60-ஐத் தாண்டும்.

● எனவே பூஜ்யம் வாங்குவது இலக்கு அல்ல! தட்டு மிக இறுக்கமாக அமைந்தால் ‘மாமா’ ‘பாபா’ ஆகிவிடும், தூக்கத்தில் மூச்சும் திணறும். மெல்லினம் இல்லாத வாக்கியத்தில் எண் இறங்க வேண்டும், மெல்லினம் நிறைந்த வாக்கியத்தில் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் தட்டு சரியாக அமைந்திருக்கிறது என்று நம்பலாம்.

● தட்டோடு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை, அதே வாக்கியங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் தட்டு செய்துதரும் உதவி. கூடவே பயிற்சி பெற்ற காதும் வேண்டும். எண் நன்றாக இருந்தும் பேச்சு புரியாமல் போவதுண்டு, ஏனென்றால் நாக்கு எங்கே தொடுகிறது என்பது கருவிக்குத் தெரியாது.

● ‘ஈ’ சொன்னால் ‘ஆ’ சொல்வதைவிட எண் கூடுதலாக வரும். கோளாறே இல்லாதவருக்கும் அப்படித்தான். என்ன வாசிக்கிறோம் என்பது அதனால்தான் முக்கியம்.

● மொழிக்கு மொழி எண் மாறும். ‘மரம்’ என்று எழுதினாலும் பேச்சுத் தமிழில் கடைசியில் உதட்டை மூடுவதில்லை, உயிரொலியை மூக்கில் விட்டு முடிக்கிறோம். ‘வந்தேன்’, ‘அவன்’ எல்லாம் இதே கதைதான். ஆங்கிலப் பத்திக்கு வகுத்த எல்லைக்கோட்டை வைத்துத் தாராவித் தமிழரின் பேச்சுக்கு மார்க் போட முடியாது.

● மராத்தி அசைகளை வைத்துப் பிளவு அண்ணக் குழந்தைகளின் மூக்கொலியை அளந்த ஆய்வு 2002-இலேயே சர்வதேச இதழில் வெளிவந்தது.

● கருவி இல்லாத இடத்தில் கண்ணாடி போதும். மூக்கின் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ‘தாத்தா இட்லி கேட்டார், பாட்டி தோசை சுட்டுக் கொடுத்தாள்’ என்று மூச்சுவிடாமல் சொல்லச் சொல்லுங்கள். இதில் ஒரு மெல்லினமும் கிடையாது. சொல்லும்போதே கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று கசிகிறது. சொல்லி முடித்ததும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள், மூச்சு விட்டால் எவருக்கும் ஆவி படியும்.

● ஒரு மும்பை எச்சரிக்கை: கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்காதீர்கள். ஜூலை மாதக் காற்றின் ஈரத்துக்கு அது தானாகவே வியர்த்துவிடும்!

● பலூன் ஊதினால், விசில் அடித்தால் பேச்சு சரியாகும் என்பது பழைய நம்பிக்கை. ஊதுவது வேறு, பேசுவது வேறு. பேசித்தான் பேச்சைப் பழக வேண்டும்.

● அளக்கப் போகும் அன்று சளி பிடித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடைத்த மூக்கு எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும், தட்டுக்குக் கிடைக்கக்கூடாத பாராட்டு கிடைத்துவிடும்.

● தாராவியிலிருந்து கழிமுகத்தைத் தாண்டினால் பாந்த்ரா. அங்கே ரிக்ளமேஷனில் இருக்கிறது 1983-இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். மகாராஷ்டிர ஆளுநராக இருந்தவரின் பெயர் அது. பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்கும் இடம் நம் வாசலிலேயே இருப்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலோ சாலிலோ யாராவது அண்ணத் தட்டு மாட்டியிருந்தால், தட்டு வந்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போங்கள். கையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும். ஒரு பக்கம் தாத்தா இட்லி கேட்ட வாக்கியம், மறுபக்கம் ‘அண்ணனும் மாமனும் மானும் மீனும்’. ‘எங்கள் மொழியிலும் ஒரு முறை அளந்து பாருங்கள்’ என்று தயங்காமல் கேளுங்கள். இந்தியில் தேறிவிட்டு, வீட்டுக்கு வந்து பேத்தியைக் கூப்பிடும்போது தடுமாறினால் என்ன பயன்?