முற்றத்தில் ஒரு கால் மணி நேரம்

மும்பையில் ஒரு சிறுவன் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். பார்வைக்கு வீட்டுச் சிட்டுக்குருவி போன்றே இருந்த அதன் தொண்டையில் மட்டும் மஞ்சள் நிறத் தீற்றல். ‘இது என்ன பறவை?’ என்று அறிய, அவன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினான். அச்சிறுவனே 1896ஆம் ஆண்டில் பிறந்த சாலிம் அலி. இந்தியப் பறவைகளைப் பற்றி 1941இல் அவர் வெளியிட்ட நூல், பல தலைமுறையினருக்குப் பறவை நோக்கலைக் கற்றுத் தந்தது.

நமக்குத் துப்பாக்கி வேண்டாம். அந்தக் கேள்வி போதும். அதனைக் கேட்கக் காட்டிற்குச் செல்ல வேண்டியதும் இல்லை. கொல்லைப்புறமோ, மொட்டை மாடியோ, அடுக்ககத்தின் பால்கனியோ போதுமானது.

எப்படித் தொடங்குவது?

காலையில் கதிரவன் எழுந்தவுடன் பறவைகள் சுறுசுறுப்பாக இயங்கும். அவ்வேளையில் ஒரே இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் அமர்வோம். கையில் ஒரு குறிப்பேடும் பேனாவும் இருக்கட்டும். பைனாகுலரை ஆர்வம் நிலைத்தபின் வாங்கலாம். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டுவது தொடக்கநிலையினருக்கு ஏற்றது.

பெயர் தெரியாத பறவையைக் கண்டால், முதலில் அளவை நோக்குவோம்: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அடுத்து அலகு, வால், நடத்தை. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். குயிலே இதற்குச் சான்று. கூவி அழைக்கும் ஆண் கருநிறம். பெண்ணோ பழுப்பு நிற உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. அதனை வேறொரு பறவை என்று எண்ணிக் கடந்தவர் நம்மில் பலர்.

சிட்டுக்குருவியினும் சிறிய உருவமும் உரத்த குரலும் கொண்டது தையல்சிட்டு. இலைகளைச் சிலந்தி நூலாலும் பஞ்சிழையாலும் தைத்துக் கூடமைக்கும். குளிர்காலத்தில் புதருக்குள்ளிருந்து ‘சக், சக்’ என்னும் ஒலி எழுந்தால், அது மத்திய ஆசியப் பகுதிகளிலிருந்து வலசை வந்த கதிர்க்குருவியாக இருக்கலாம்.

ஆழமில்லாத மண் தட்டில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றினால் விருந்தினர் பெருகுவர். கூட்டின் அருகே செல்வதை மட்டும் தவிர்ப்போம்.

எண்ணிக்கை ஏன்?

‘முன்பெல்லாம் சிட்டுக்குருவிகள் எத்தனை இருந்தன!’ என்று நாம் வருந்துவதுண்டு. எத்தனை என்று திருப்பிக் கேட்டால் விடை இல்லை. ஏனெனில், அன்று நாம் எவரும் எண்ணி எழுதி வைக்கவில்லை.

இக்குறையைப் பொதுமக்களே இன்று போக்கி வருகின்றனர். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, ஏறத்தாழ 30,000 ஆர்வலர்கள் ‘இ-பேர்டு’ தளத்தில் பதிந்த குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருந்தன. வடநாட்டில் விஜயதசமியன்று காண்பது நற்பேறு எனக் கருதப்படும் பனங்காடையும் குறைந்துவருகிறது. குயிலும் மயிலும் பெருகியுள்ளன. எது குறைகிறது என்று தெரிந்தால்தான் எதைக் காக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாட்கள், உலகெங்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. கால் மணி நேரம் எண்ணிப் பதிந்தாலே நாமும் அதில் பங்கேற்றவராவோம். அரிய பறவையைத் தேட வேண்டியதில்லை; காக்கையும் கணக்கில் சேரும்.

‘காகம் 4, மைனா 2, சிட்டுக்குருவி இல்லை’ என்று இன்று எழுதுவது அற்பமாகத் தோன்றலாம். பத்தாண்டுகள் கழித்து, ‘முன்பு எத்தனை இருந்தன?’ என்று நம் பேரப்பிள்ளை கேட்கும்போது, ஏட்டைத் திறந்து விடை சொல்லலாம்.