தீவுக்கு ஏற்ற கார் கடலூருக்கும் ஏற்றதே

மின்சார கார் என்றதும் நம் பக்கத்தில் எழும் முதல் கேள்வி, ஒரே சார்ஜில் சென்னை போய்ச் சேருமா என்பதுதான். சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கிழக்கு மேற்காக அந்தத் தீவின் நீளமே சுமார் 50 கி.மீ.தான். 2024இல் அங்கே பதிவான புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்சார கார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட தொலைவும் ஏறக்குறைய அவ்வளவே. வழியில் இருக்கும் குடிகாடு சிப்காட்டுக்கு இரு ஊர்களிலிருந்தும் வேலைக்கு வருபவர்களுக்கு அதிலும் குறைவு. கடல் சூழாவிட்டாலும் அன்றாடப் போக்குவரத்தில் நாமும் தீவுவாசிகள்தான்.

தூரம் மட்டுமல்ல, வேகமும் இதில் சேர்த்தி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது; நான்குவழிச் சாலையில் பேட்டரி சீக்கிரம் கரைவது அதனால்தான். ஊருக்குள் நின்று நின்று போகும்போதோ, பிரேக் பிடிக்கும்போது வண்டியின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதி மின்சாரமாகத் திரும்பி வருகிறது. பெட்ரோல் எஞ்சின் இதற்கு நேர்மாறு: நெரிசலில் எரிபொருளை வீணடிக்கும், சீரான நெடும்பயணத்தில் தேறும். 24 யூனிட் பேட்டரி கொண்ட டாடா டியாகோ போன்ற சிறிய மின்சார கார், சிதம்பரம் போய்த் திரும்பப் பாதி பேட்டரியையே செலவழிக்கும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் இரவோடு இரவாக அதை ஏற்றிவிடலாம். வருடத்தில் நாலைந்து சென்னைப் பயணத்துக்காகப் பெரிய பேட்டரி வாங்கினால், அந்த எடையையும் விலையையும் தினமும் சுமக்க வேண்டும்.

நெய்வேலி நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் கார் எப்படிச் சுத்தமாகும் என்பது நியாயமான கேள்வி. புகை இடம் மாறுகிறது என்பது உண்மைதான். ஆனால் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் கூடக் கூட அதே கார் சுத்தமாகும், பெட்ரோல் காருக்கு அந்த வழி இல்லை. புயல் இன்னும் கடுமையான கேள்வி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டக் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. எச்சரிக்கை வந்ததும் முழுதாகச் சார்ஜ் செய்தால் சில நாள் சமாளிக்கலாம். அதற்கு மேல் மின்வெட்டு நீண்டால் கூரைமேல் சோலார் தகடு இல்லாதவர்களுக்குக் கஷ்டம்தான்.

உண்மையான முட்டுக்கட்டை வேறு: சிதம்பரம் தேர் வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் பலவற்றில் கார் நிறுத்தவே இடமில்லை. சிங்கப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது வாகன நிறுத்தங்களிலேயே சார்ஜரைக் கொண்டுபோய் வைத்தது. இங்கும் நெடுஞ்சாலை சார்ஜர்களோடு பேருந்து நிலையம், மருத்துவமனை, சிப்காட் வாகன நிறுத்தங்களிலும் அவை வர வேண்டும். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது சென்னை எவ்வளவு தூரம் என்றல்ல. ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இருக்கிறதா என்றுதான்.