நெளியாமல் உட்கார்ந்தால்

வகுப்பில் நெளிந்துகொண்டே இருப்பீர்கள். ஆசிரியர் அதட்டலாம், உடலுக்கு அது நல்லது. முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ கீழே வலி தெரியாது, நெளியவும் தோன்றாது. புட்டத்து எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே சதை நசுங்கி, நுண்குழாய்களில் இரத்தம் தடைப்பட்டு, எலும்பையொட்டிய சதை உள்ளுக்குள்ளேயே சாகத் தொடங்கலாம். பிரிக்பீல்ட்ஸில் மேடுபள்ளமான நடைபாதையில் குலுங்கினால் தோல் உராயும். கிள்ளான் வெயிலின் வியர்வை அதை ஊறவைக்கும்.

விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம். நல்ல காற்றுத்திண்டு பரப்பைக் கூட்டுகிறது. வளையத் திண்டு வேண்டாம், அது விளிம்பில் அழுத்தும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 முதல் மருத்துவர் லுட்விக் குட்மன் நோயாளிகளை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தார். நாற்காலியில் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது. அரைமணிக்குள் ஒருமுறையாவது முன்னே சாயவேண்டும். கருந்தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கலாம்.