பிழையும் ஏட்டில் ஏறட்டும்

நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று மகனோ மகளோ கணிப்பொறிக் கல்வி பயின்று வருகின்றனர். இரவு வெகு நேரம் விழித்திருந்து அவர்கள் செய்வது என்ன என்பது பெற்றோர் பலர்க்கு விளங்குவதில்லை. தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணைக் கேட்கிறோம். அத்துடன் நம் விசாரணை முற்றுப் பெறுகிறது. ஆனால் இக்கல்வி மதிப்பெண்ணால் மட்டும் கைவருவதன்று. அதனை அறிய அமெரிக்க நாட்டு மாணவர் ஒருவரின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

டானல்டு க்னூத் 1938-ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் பிறந்தவர். 1956-இல் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பௌதிகம் பயிலச் சேர்ந்தார். அங்கே ஐ.பி.எம். 650 என்னும் கணிப்பொறி இருந்தது. பத்திலக்க எண்கள் 2,000 மட்டுமே அதன் காந்த உருளையில் அடங்கும். மாணவர்கள் தாமே அதனை இயக்கிப் பார்க்க அக்கல்லூரி இடமளித்தது. பொறியோடு வந்த விளக்க நூலைப் படித்த க்னூத், அதிலுள்ள நிரல்களை இன்னும் செம்மையாக எழுதலாமே என எண்ணினார். படித்ததோடு நில்லாமல் எழுதியும் பார்த்தார்.

அவர் முதலில் எழுதியது ஓர் எண்ணின் பகாக் காரணிகளைக் கண்டறியும் சிறு நிரல். பின்னர், மூன்று கட்டம் மூன்று வரிசையில் வட்டமும் பெருக்கற்குறியும் இட்டு ஆடும் எளிய விளையாட்டைப் பொறிக்குக் கற்பித்தார். கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவுக்கும் ஒரு நிரல் வகுத்தார். பந்தைக் கூடையில் இட்டவனுக்கே பெருமை சேர்வது வழக்கம். பந்தைப் பறித்தவனுக்கும், கைநழுவ விட்டவனுக்கும் உரிய கணக்கை அந்நிரல் சேர்த்துக் கொண்டது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் அதனைப் பாராட்டின. 1960-இல் அவர் இளநிலைப் பட்டத்தையும் முதுநிலைப் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார்.

பேரறிஞர் ஆன பின்னும் மாணவருக்குரிய பணிவு அவரை விட்டு நீங்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. 1974-இல் கணிப்பொறித் துறையின் தலையாய டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அதன் பின்னர், நூல்களை அழகுற அச்சுக் கோக்க உதவும் ‘டெக்’ என்னும் நிரலை உருவாக்கினார். 1978 முதல் அதில் தாம் கண்ட ஒவ்வொரு பிழையையும் குறித்து வைத்தார். கைத்தவறு, மறதி, வழிமுறையிலேயே கோணல் என அவற்றை 15 வகையாகப் பிரித்தார். 800-க்கு மேற்பட்ட குறிப்புகள் அடங்கிய அப்பட்டியலை 1989-இல் உலகறிய வெளியிட்டார். தம் நூல்களில் பிழை காட்டுவோருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலையும் அனுப்பி வந்தார்; 2008 முதல் அதற்கு ஈடாகச் சான்றிதழ் வழங்குகிறார்.

பிழையை மறைப்பவன் அதே பிழையை மீண்டும் செய்வான். எழுதி வைப்பவனோ அதனிடமே பாடம் கேட்கிறான். இன்று இறுதியாண்டுச் செயல்திட்டத்தை விலைக்கு வாங்கி ஒப்படைப்போர் உண்டு. கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அவற்றால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் வேலைக்குச் சென்ற இடத்தில் நிரல் இடையில் நின்றுவிட்டால், காரணம் தேடும் பழக்கம் இல்லாத பிள்ளை திகைத்து நிற்கும். அத்திகைப்புக்கு எந்தச் சான்றிதழும் மருந்தாகாது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். இன்று முயன்றது என்ன, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, காரணம் என்ன என்னும் நான்கையும் நாள்தோறும் அதில் எழுதட்டும். வீட்டு வரவு செலவுக் கணக்கோ, தாத்தாவின் மருந்து வேளையை நினைவூட்டும் நிரலோ, சிறிதாயினும் சொந்தமாக ஒன்றைச் செய்து முடிக்கட்டும். வாரம் ஒருமுறை அருகமர்ந்து, “இது எப்படி வேலை செய்கிறது?” என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதே அப்பிள்ளைக்கும் அது தெளிவாகும். பிழை நிறைந்த ஏட்டைக் கண்டு சினம் கொள்ளாதீர்கள். அடித்துத் திருத்திய ஒவ்வொரு வரியும் உங்கள் பிள்ளை உழைத்துக் கற்றதற்குச் சாட்சி.