பின்புலத் திரையரங்குகள்: தொடக்ககால ஹாலிவுட் படங்களுக்கான காலச் சான்றுகள்

முன்னுரை

அமெரிக்க மௌனப்பட முழுநீளத் திரைப்படங்களுள் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்துவிட்டதாக அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வறிக்கை தெரிவிக்கிறது. எஞ்சியவற்றுள்ளும் தலைப்பு அட்டையை இழந்த துண்டுச் சுருள்கள் உள்ளன. பெயரும் ஆண்டும் அறியப்படாத அத்தகைய சுருள்களின் காலத்தைக் கணிக்க, காட்சியின் பின்புலத்தில் தற்செயலாகப் பதிவான திரையரங்குகள் எவ்வாறு உதவுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தெருவே படப்பிடிப்புக் களம்

1920களில் நகைச்சுவைப் படங்கள் பல லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருக்களிலேயே எடுக்கப்பட்டன. ஹரால்ட் லாயிட் நடித்த 'சேஃப்டி லாஸ்ட்' (1923) படத்தில், நாயகன் கடிகார முள்ளைப் பற்றித் தொங்கும் காட்சிக்காகத் தெற்கு பிராட்வே 908ஆம் எண் கட்டடத்தின் கூரைமீது செயற்கைச் சுவர் எழுப்பப்பட்டது. சுவர் புனைவு, கீழே தெரியும் தெருவோ உண்மையானது. ஜான் பெங்க்ட்சன் தம் 'சைலண்ட் விஷன்ஸ்' (2011) நூலில் லாயிட் படங்களின் இத்தகைய படப்பிடிப்பு இடங்களை ஆராய்ந்துள்ளார்.

காலத்தின் இரு எல்லைகள்

திரையரங்கின் பெயர் முகப்பிலும் கூரையிலும் பேரெழுத்துகளில் இடம்பெறும். அதன் திறப்பு நாள் செய்தித்தாள்களில் பதிவாகியிருக்கும். எனவே ஏனைய கட்டடங்களைவிட அது தெளிவான சான்றாகிறது. தெற்கு பிராட்வேயில் 833ஆம் எண்ணில் 1910 முதல் இயங்கிய டாலி'ஸ் பிராட்வே அரங்கு 1929இல் இடிக்கப்பட்டது. 842ஆம் எண்ணில் ஆர்ஃபியம் அரங்கு 1926இல் திறக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே காட்சியில் தென்படின், அது 1926க்கு முன்போ 1929க்குப் பின்போ எடுக்கப்பட்டிருக்க இயலாது. அக்காட்சியின் தொடர்ச்சியில் 933ஆம் எண்ணில் 1927 டிசம்பரில் திறக்கப்பட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அரங்கும் இயங்கக் காணப்படின், கால எல்லை மேலும் சுருங்கும்.

கருத்தில் கொள்ளவேண்டியவை

பெயர்ப்பலகையை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் பிழைக்கு இடமளிக்கும். இன்று பேலஸ் எனப்படும் தெற்கு பிராட்வே 630ஆம் எண் அரங்கு, 1911 முதல் புதிய அரங்கு திறக்கப்படும் வரை ஆர்ஃபியம் என்றே வழங்கியது. ஆதலின் பெயரோடு இருப்பிடத்தையும் அண்டைக் கட்டடங்களைக் கொண்டு உறுதிசெய்தல் வேண்டும். முகப்பில் விளம்பரப்படுத்தப்பட்ட படத்தின் பெயர், அவ்வரங்கில் அது ஓடிய வாரத்தை நாளிதழ் விளம்பரங்களின்வழிக் கண்டறிய உதவும். எனினும் இச்சான்று படப்பிடிப்புக் காலத்தையே சுட்டும். வெளியீட்டு நாள் அதனின்றும் வேறானது. பழைய தெருக்காட்சிகளைப் பிற்காலப் படங்களில் மீண்டும் பயன்படுத்திய வழக்கமும் உண்டு.

முடிவுரை

ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1916 முதல் சுருளின் விளிம்பில் அச்சிட்ட குறியீடுகள், அச்சுருள் உற்பத்தியான ஆண்டை அறிவிக்கின்றன. பிற்காலத்தில் எடுக்கப்பட்ட படியாயின் அக்குறியீடு படியின் காலத்தை மட்டுமே காட்டும். காட்சிக்குள் பதிவான திரையரங்கோ எத்தனை முறை படியெடுப்பினும் மாறுவதில்லை. ஆகவே, மூலச்சுருள் அழிந்து படி மட்டுமே எஞ்சிய படங்களின் காலத்தை வரையறுப்பதில் பின்புலத் திரையரங்கு முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.