உப்புக் காய்ச்சிய மாயாக்கள்

பழைய ஊரைத் தோண்டினால் பானை ஓடும் எலும்பும் கிடைக்கும். மரம் மட்கிப் போயிருக்கும். நடு அமெரிக்காவில், பெலிஸ் நாட்டின் தென்கரையிலுள்ள பெய்ன்ஸ் கிரீக் பகுதிக் காயலில் கதை தலைகீழ். அங்கே மரம் நிற்கிறது, எலும்பைக் காணோம்.

மாயா மக்கள் கி.பி. 600 முதல் 900 வரையான காலத்தில் உப்புக் காய்ச்சிய இடம் இது. பிறகு கடல் மட்டம் உயர்ந்து கொட்டகைகள் மூழ்கின. 2004இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹெதர் மக்கிலப் குழு, அவற்றின் மரக்கால்களைத் தண்ணீருக்கடியில் கண்டது. இப்போது கணக்கு சுமார் 4,000. சப்போட்டா மரத்தில் செய்த துடுப்பு ஒன்றும் கிடைத்தது. கண்டல் வேர்கள் சேர்ந்து உண்டான சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. மரத்தை அரிக்கும் நுண்ணுயிர்கள் அதில் பிழைக்காது. ஆனால் அந்தச் சேற்றின் அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். காலால் நடந்தால் சேறு கலங்கும் என்பதால், ஆய்வாளர்கள் மிதவைகளில் குப்புறப் படுத்து, தோளோடு தோள் சேர்ந்து நகர்ந்தபடி அடித்தரையைத் தேடினார்கள்.

யுகடான் தீபகற்பத்தின் வறண்ட வடகரையில் உப்பு வெயிலில் விளைந்தது. தென் பெலிஸில் மழை அதிகம், அடுப்புதான் வழி. உப்பேறிய மண்ணில் நீரை ஊற்றி வடித்து, உப்பு கூடிய அந்த நீரை மண் உருளைகள் தாங்கிய பானைகளில் காய்ச்சினார்கள். காயலின் அடியில் இன்று குவிந்து கிடப்பவை அந்த உருளைகளும் பானை உடைசல்களும்தான்.

உப்பு வெறும் உப்பாகவே வெளியே போனதா? மீன் முள் ஒன்றுகூட மிஞ்சாத இடத்தில் இதற்கு எப்படி விடை சொல்வது? மக்கிலப்பும் தொல்லியலாளர் கசுவோ அவோயாமாவும் கல் கருவிகளின் விளிம்புகளை நுண்ணோக்கியில் வைத்துத் தேய்மானத்தைப் படித்தார்கள். 2018இல் வெளியான முடிவு: பெரும்பாலானவை மீனோ இறைச்சியோ வெட்டித் தேய்ந்தவை. அதாவது காய்ச்சிய இடத்திலேயே கருவாடும் உப்புக்கண்டமும் போட்டிருக்கிறார்கள். முள்ளே இல்லாமல் மீனைக் கண்டுபிடித்த இந்த வேலைதான், என்னைக் கேட்டால், பெய்ன்ஸ் கிரீக்கின் பெரிய சாதனை.

மாயா என்றதும் பிரமிடும் அரசர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அரசர்களின் அணிகலனுக்கு உரியது என்று கருதப்பட்ட உயர்தர ஜேடைட் கல்லில் செய்த உளி ஒன்று, ரோஸ்வுட் கைப்பிடியோடு, எக் வே நல் என்னும் உப்புக் கொட்டகையில் கிடைத்தது. உப்புக் காய்ச்சியவர்கள் ஏதுமற்ற கூலிகள் அல்லர். விலையுயர்ந்த கல்லைக் கைவேலைக் கருவியாக வைத்திருக்கும் அளவுக்கு வசதி படைத்தவர்கள்.