கை ஏன் பாட்டிலைத் தேடுகிறது?



குடி கெடுதல் என்பது கோட்டுச்சேரிமேட்டில் குடிக்கிறவருக்கே நன்றாகத் தெரியும். இருபத்தைந்து வருஷமாக நானும் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது வேறொன்று கேட்கிறேன். எந்த நேரத்தில் கை அதைத் தேடுகிறது?

இராமுழுக்கக் கடலில் விழித்திருந்துவிட்டு ஒருவர் கரையேறுகிறார். காற்று மாறியபோது வயிறு கலங்கியது. "பயந்துட்டேன்" என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்வாரா? மாட்டார். அந்தப் பயத்தைத்தான் குடித்து அமுக்குகிறார். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தூக்கம் கெட்டவர்கள் நம் கரையில் எத்தனை பேர்! குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், உண்மைதான். ஆனால் பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் கலைத்துவிடும்.

தடைக்காலம் இன்னொரு விதம். 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். விசைப்படகில் போகிறவருக்குக் கையில் வேலையில்லை, பணமில்லை, வீட்டில் மதிப்பும் குறைந்ததுபோல் ஒரு நினைப்பு. கூட்டாளிகள் கூப்பிடும் இடத்தில் அந்த மதிப்பு கிடைக்கிறது. பாட்டிலும் அங்கேதான் இருக்கிறது.

அண்ணனை மட்டும் சொல்லவில்லை. மீன் கூடையோடு வெயிலில் அலையும் தங்கச்சி, பசியை மறக்க வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வதும் இதே கதைதான். புகையிலை பசியை மந்தப்படுத்தும். வாயில் புற்றுநோயும் வரவழைக்கும்.

ஒரு வாரம் இருவருமாகக் கவனியுங்கள். எப்போது, யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது? கரையேறியதும் என்றால், முதலில் குளியல், சூடாகச் சோறு. வட்டிக் கணக்கும் சீட்டுப் பணமும் அரைமணி பொறுக்கட்டும். "இன்னைக்கு கடல் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் மட்டும் வாங்காதீர்கள். அது உடைந்தால் வெட்கம். வெட்கத்தை மறக்க மறுபடியும் குடி.

புரிந்துகொள்வது என்றால் அடி வாங்கிக்கொள்வது என்று அர்த்தமில்லை. கை நீட்டினால் அக்கம்பக்கத்தைக் கூப்பிடுங்கள்.

பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் வீறாப்பாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக் குழப்பம் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். மனம் விட்டுப் பேச 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. எத்தனை வருஷமாக, தினம் எவ்வளவு என்பதை டாக்டரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் வாய் திறக்கத் தயங்கினால், நீங்கள் சொல்லுங்கள் அம்மா.